நாலு வரிசை ரேடியேட்டரும் தாப்பா ரோட்டு ஒட்டுக்கடையும்

ரேடியேட்டர் தொழிலில் வண்டியின் சூட்டை அளந்துவிடலாம். வண்டியைக் கொண்டுவரும் ஆளின் சூட்டை அளக்கத்தான் வழியே கிடையாது. எழுபதுகளின் கடைசியில், மலைமேல் குளிர் ஊரான பிரிஞ்சாங்கில் கடை வைத்திருந்தேன். மலை ஏறும்போது வண்டி கொதித்து, பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு ரோட்டோரம் முழித்துக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கும் உண்டா? அப்படியானால் நாம் உறவுக்காரர்கள்.

குளிரை நம்பிய கிராணி

தேயிலை எஸ்டேட் ஒன்றின் லோரிக்குப் புது ரேடியேட்டர் வேண்டும் என்று அங்கே கணக்கு வழக்கு பார்க்கும் கிராணியே நேரில் வந்தார். அளவு என்றால் அகலம் மட்டுமல்ல, உள்ளே எத்தனை வரிசைக் குழாய் என்பதுதான் முக்கியம் என்றேன். கீழே தாப்பாவில் வெயில் மண்டையைப் பிளக்கும். அங்கிருந்து உர மூட்டைகளோடு வளைந்து வளைந்து ஏறுகிற லோரிக்கு நாலு வரிசை வேண்டும், இரண்டு வரிசை தாங்காது என்றும் சொல்லிப் பார்த்தேன்.

அவர் கழுத்துவரை ஸ்வெட்டர் போட்டிருந்தார். அதற்கு மேல் மப்ளர் வேறு. ஒரு மனிதர் அப்படி உடுத்திக்கொண்டு நிற்கும்போது கீழே வெயில் அடிக்கிறது என்றால் எப்படி நம்புவார்?

"தம்பி, இங்க மனுசனே நடுங்குறான். லோரிக்கு எதுக்குலா இவ்வளவு குளிர்ச்சி? ரெண்டு வரிசை போதும், மாட்டு!"

கோபமே வராத டிரைவர்

கொதித்தது. ரெண்டு வரிசை மாட்டிய லோரி ஒவ்வொரு தடவையும், பாதி மலையில், அருவிக்குப் பக்கத்தில் ரோட்டோரமாகத் தேத்தண்ணியும் வடையும் விற்கும் ஒட்டுக்கடை முன்னால்தான் கொதித்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் என் ரேடியேட்டர் ஆவி விடுவதை வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு மானம் போனது.

டிரைவர் முனியாண்டி வந்து கிழிக்கப்போகிறார் என்று காத்திருந்தேன். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவர், யாராவது பேச்சுக் கொடுத்தால் தன் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லும் கூச்ச சுபாவி. வந்தார். கையில் அந்த ஒட்டுக்கடை வடைப் பொட்டலம், முகத்தில் சிரிப்பு.

"பரவால்லண்ணே. ரெண்டு வாளி தண்ணி ஊத்துனா சரியாப் போயிருது. நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."

நாலு வரிசை

உரம் தாமதமாக வந்ததில் எஸ்டேட் துரையிடம் கிராணி வாங்கிக் கட்டிக்கொண்டார் போலிருக்கிறது. நாலு வரிசையே போடு என்று ஆள் அனுப்பினார். போட்டேன். லோரி ஒரு பெருமூச்சுகூட விடாமல் மலை ஏறியது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

இரண்டு வாரத்தில் முனியாண்டி வந்தார். இழவு வீட்டிலிருந்து வருகிறவர் மாதிரி முகம். பழையதையே மாட்டிவிடச் சொன்னார். துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. ஒட்டுக்கடைப் பெரியவரின் மகள் தனம்தான் வாளியில் தண்ணீர் கொண்டுவருமாம். லோரி ஆறுகிறவரை இரண்டு வார்த்தை பேசுவார்களாம். இப்போது அதுவும் போயிற்று. போதாக்குறைக்கு, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஈப்போவிலிருந்து தனத்தைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நல்ல ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு மட்டமானதை மாட்ட எந்தத் தொழில்காரனுக்கு மனசு வரும்? சும்மா நிறுத்திப் பேச வேண்டியதுதானே என்றேன்.

"என்னான்னு சொல்லி நிக்கிறதுண்ணே? வண்டிதான் கொதிக்கலயே!"

அட்டை

அந்த வெள்ளிக்கிழமை தாப்பாவிலிருந்து வேனில் ஏறி வந்துகொண்டிருந்தேன். ஒட்டுக்கடை முன்னால் எஸ்டேட் லோரி குபுகுபுவென்று ஆவி விட்டுக்கொண்டு நின்றது. என் நாலு வரிசை! ஓடிப்போய்க் குனிந்து பார்த்தால், ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு பெட்டி அட்டையை விரித்துச் செருகியிருக்கிறது.

மலையில் காலைப் பனிக்கு இப்படி அட்டை வைப்பது எல்லா டிரைவரும் செய்வதுதான். காற்றை மறைத்தால் இன்ஜின் சீக்கிரம் சூடாகும். பனி விலகியதும் எடுத்துவிடுவார்கள். இந்த மனிதர் உச்சி வெயிலில், முழுப் பாரத்தோடு, அட்டையை வைத்துக்கொண்டே ஏறியிருக்கிறார். எனக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "இன்ஜின் வெடிச்சிருந்தா என்னய்யா பண்ணுவே?" என்று கத்தினேன். முனியாண்டி தன் சப்பாத்தைப் பார்த்தார்.

வாளியோடு வந்த தனம் அட்டையைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. வாளியைக் கீழே வைத்தது. அடுப்படியில் நின்ற பெரியவருக்கும் கேட்கும்படியாக என்னிடம் சொன்னது:

"அத எடுத்து எறிங்கண்ணே. கொதிச்சு நின்னா தண்ணிக்கு நிக்கிறாருன்னுதான் எங்கப்பா நெனைப்பாரு. நாளைக்குக் கொதிக்காம வந்து நிக்கச் சொல்லுங்க, ஈப்போக்காரங்கள வர வேணாம்னு நானே சொல்லிர்றேன்."

மறுநாள் லோரி கொதிக்காமல் வந்து அங்கே நின்றது, ஞாயிற்றுக்கிழமை ஈப்போக்காரர்கள் வரவில்லை. நான் பொருத்திய அத்தனை ரேடியேட்டர்களிலும் சரியான அளவு என்று பெண் வீட்டாரே ஒப்புக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.