விட்டுப்போன எலி

"இன்முகம், பொறுமை, கூட்டு உழைப்பு." ஆராய்ச்சி நிறுவனத்தின் வாசல் பேனரில் அவருடைய படத்துக்குக் கீழே இந்த மூன்றும் இருக்கின்றன. தினமும் காலை எட்டேகாலுக்கு அவர் அந்தப் பேனரைக் கடந்து உள்ளே நுழையும்போது, வரவேற்பறையில் சிரித்துக்கொண்டிருப்பவர்கள் சிரிப்பை மடித்து உள்ளே வைத்துக்கொள்வார்கள். படத்தில் அவர் வெள்ளைக் கோட்டு அணிந்து, நீலத் திரவம் நிரம்பிய சோதனைக் குழாயைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். அவருடைய ஆய்வில் நீலத் திரவம் எதுவும் கிடையாது. அது புகைப்படக்காரர் கைகழுவும் தொட்டியில் பிடித்துவந்த சோப்புத் தண்ணீர். முகத்தில் இருப்பதும் சிரிப்பல்ல. "சீக்கிரம் எடுங்க" என்று அவர் அதட்டியபோது முதல் எழுத்தான 'சீ'யிலேயே கேமராப் பொத்தான் அமுங்கிவிட்டது.

அவர் மூலக்கூறு உயிரியலாளர். உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் நோய்களில் அழற்சி ஏன் அடங்க மாட்டேன் என்கிறது என்பதை இருபத்திரண்டு ஆண்டுகளாகத் துருவிக்கொண்டிருக்கிறார். பார்க்க வருகிறவர்களுக்கு இப்படி விளக்குவார்: "விரல்ல முள்ளு குத்தினா செவக்குது, வீங்குது, சுடுது. நல்லதுதான், ரிப்பேர் நடக்குது. வேலை முடிஞ்சா எல்லாரும் வீட்டுக்குப் போகணுமில்ல? இங்க ஒரு புரதம் போக மாட்டேங்குது. லைட்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு. அதை எப்படிக் கிளப்பறதுன்னுதான் பாக்கறோம்." அழற்சியைத் தணிப்பதையே தொழிலாகக் கொண்டவரைத் தணிக்க மருந்தில்லை என்று ஆய்வுக்கூடத்தில் பேசிக்கொள்வார்கள், அவர் காதுக்கு எட்டாத தூரத்தில்.

அங்கே அவருக்குப் பெயர் "தேதி மேடம்." ஆய்வேட்டில் தவறாக எதையாவது எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது, பக்கத்தைக் கிழிக்கவே கூடாது. தவறின்மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியானது, கையொப்பம், தேதி. எங்கும் உள்ள விதிதான். மற்றவர்கள் அதை ஆய்வுக்கூடத்திலேயே கழற்றி மாட்டிவிட்டு வருவார்கள். இவர் வீட்டுக்கும் கொண்டுபோவார். கிழமை தவறாக அச்சாகியிருந்த கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் திருத்தி, கையொப்பமும் தேதியும் இட்டு, அனுப்பியவர்களுக்கே திருப்பி அனுப்பினார். அந்த உறவோடு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. கல்யாணம் மட்டும் சரியான கிழமையில் நடந்தது.

வீட்டில் அவரும் அக்காவும்தான். அக்கா ஆறு வயது மூத்தவள். துணிக்கடை ஒன்றில், வாங்கிய ஆடைகளை அளவுக்குப் பிடித்துத் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. வீட்டுக்கு வாங்க வேண்டிய சாமான் பட்டியலில் அவள் "சோப்பு 2" என்று எழுதினால், இவர் இரண்டை அடித்து மூன்றாக்கிக் கையெழுத்துப் போடுவார்.

"ஏன்டி, சோப்புக்கெல்லாமா சாட்சிக் கையெழுத்து?" என்பாள் அக்கா.

"நாளைக்கு யார் மாத்தினதுன்னு கேள்வி வரும்."

"யாருடி கேக்கப்போறா? சோப்பா?"

அக்காவுக்குப் பதினோரு வருடமாக முடக்குவாதம்; மூட்டுகள் வீங்கி மடங்காமல் போகும், அதே வகை நோய். அதனால்தான் தங்கை இந்த ஆராய்ச்சிக்கு வந்தார் என்று எழுத நிறுவனத்தின் விளம்பரப் பிரிவுக்கு நாக்கில் நீர் ஊறியது. அவர் ஒரே வரியில் கெடுத்தார்: "எனக்கு முதல்ல எலி. அக்கா அப்புறம்தான் வந்தா."

எலி என்பது முப்பத்திரண்டு எலிகள். முடக்குவாதம் போன்ற நோய் வரவழைக்கப்பட்டவை. பாதியின் உடம்பில் மருந்து, பாதியில் வெறும் உப்பு நீர். எதற்கு எது என்பது அவருக்கே தெரியாதபடி உறையில் போட்டு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு நாள் காலையும் அவரே ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து, பின்னங்கால் பாதத்தின் தடிப்பை இடுக்கி அளவியால் அளந்தார். உறையைப் பிரித்த அன்று, வீக்கம் இறங்கியிருந்த பதினாறு எலிகளும் மருந்து பெற்றவை என்பது தெரிந்தது. பத்திரிகைகளுக்குக் கொடுக்க ஒரு வாக்கியம் கேட்டார்கள். யோசித்து எழுதினார்: "எலிகளில் முடக்குவாதத்தை அடக்க முடிந்தது."

வாசல் பேனரில் அந்த மூன்று குணங்களுக்கு மேலே ஏறியபோது வாக்கியம் இப்படி ஆகியிருந்தது: "முடக்குவாதத்தை அடக்க முடிந்தது!" போனது ஒரு சொல். வந்தது ஓர் ஆச்சரியக்குறி.

விளம்பரப் பிரிவின் கதவை அவர் தள்ளிய வேகத்தில் அது சுவரில் மோதித் திரும்பி வந்தது. "என் எலி எங்க?" என்றார். அங்கிருந்த இரண்டு பெண்கள் சட்டென்று காலைத் தூக்கி நாற்காலியின்மேல் வைத்துக்கொண்டார்கள். பிரிவின் அதிகாரி மட்டும் பதறவில்லை. எதற்கும் பதறாமலிருக்கப் பயிற்சி பெற்றவர்.

"எலின்னு தலைப்புல போட்டா ஒரு மாதிரி அருவருப்பா இருக்கும் மேடம். படிக்கறவங்களுக்கு நம்பிக்கை வரணும். பத்திரிகைக்குக் குடுத்த செய்தியில கடைசிப் பாராவுல இருக்கு."

"பேனருக்குக் கடைசிப் பாரா எங்கங்க இருக்கு?"

"பாசிட்டிவா பாருங்க மேடம். உங்க படம் எவ்ளோ நல்லா வந்திருக்கு."

"எலியை எடுத்துட்டு என்னை வெச்சிருக்கீங்க. வேலை செஞ்சது அது."

அங்கிருந்து இயக்குநரிடம் போனார். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "ஒரு வார்த்தைதானேம்மா" என்றார்.

"ஒரு வார்த்தைதானே சார். போட்டுடுங்க."

"அடுத்த வியாழன் விருந்தினருங்க வர்றாங்க. அது முடியட்டும், பாத்துக்கலாம்."

விருந்தினர்கள் அந்த வியாழனும் வரவில்லை, அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. அவர் மூன்று கடிதம் எழுதினார். மூன்றுக்கும் ஒரே பதில்: "தங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது." கவனம் என்பது அந்தக் கட்டடத்தில் கொஞ்சம் ஆழமான கிணறு. போட்டது திரும்பி வந்ததாக வரலாறு இல்லை. வீட்டில் வந்து, "என் எலியை எடுத்துட்டாங்க அக்கா!" என்று கத்தினார். அக்கா தலை நிமிராமல் ஊசியில் நூல் கோத்தபடி, "போனா போகுது, வேற எலி குடுப்பாங்க" என்றாள். அதற்குமேல் அவர் விளக்கவில்லை. ஆய்வுக்கூடத்துப் பேச்சு அந்த வீட்டில் எப்போதும் அவ்வளவுதான்.

இதற்குள் தொலைபேசி அடிக்கத் தொடங்கியிருந்தது. மருந்து எந்தக் கடையில் கிடைக்கும், ஊசியா மாத்திரையா என்று கேட்டார்கள். "எலிக்குங்க. மனுஷங்களுக்கு இன்னும் இல்ல. நீங்க சாப்பிடற மருந்தை நிறுத்திடாதீங்க" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். பொறுமையாக அல்ல, சத்தமாக. ஒரே ஒருவரிடம் மட்டும் சத்தம் வரவில்லை. பெயின்ட் அடிக்கும் வேலை, தோள்பட்டை தூக்க முடியாமல் வீட்டில் இருக்கிறேன் என்று சொன்னவர், இவர் எலி என்றதும், "எலி மருந்துன்னாலும் பரவால்ல மேடம். குடுங்க" என்றார். போனை வைத்த பிறகு இவர் வெகுநேரம் அளவியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா ஒரு பாட்டிலை நீட்டி, "இந்த மூடியைக் கொஞ்சம் திறந்து குடு" என்றாள். மணிக்கட்டில் சட்டைக் கை பொத்தான் போடாமல் தொங்கியது. ஊரார் சட்டைக்கெல்லாம் பொத்தான் தைக்கிறவள். தங்கையின் கண் தானாகவே விரல் கணுக்களுக்குப் போனது. முப்பத்திரண்டு எலிகளை அளந்த கண்ணுக்கு வீக்கம் தெரிய அளவி தேவைப்படவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தார். வாரத்துக்கு ஒன்று, வெள்ளிக்கிழமை விழுங்க வேண்டியது. விழுங்கியதும் அந்தக் குழிக்குப் பக்கத்தில் தேதி எழுத வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். ஒரு குழிக்குத்தான் தேதி இருந்தது, அதுவும் ஒன்பது வாரத்துக்கு முந்தையது. மீதி ஒன்பதிலும் மாத்திரை இருந்தது.

"ஒன்பது வாரமா தேதியே இல்லையே?"

"முழுங்கினாத்தானேடி தேதி."

"ஏன் முழுங்கல?"

"சனிக்கிழமை பூரா வயித்தைப் புரட்டுது. அதான் நீ அடக்கிட்டியே. புது மருந்து வர்றவரைக்கும் வயிறாவது சும்மா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"நான் அடக்கிட்டேன்னு யார் சொன்னா?"

"வாசல்ல ஆளுயரத்துக்குப் போட்டிருக்கே! தினம் பஸ்ல போறப்ப பாக்கறேன். பக்கத்துல யார் உக்காந்தாலும் காட்டறேன், என் தங்கச்சின்னு."

"அக்கா, அது எலிக்கு."

"எலின்னு போடலையே."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"உன்கிட்ட என்னத்தைக் கேக்கறது? சோப்புல ஒண்ணு கொறஞ்சாலே திருத்திக் கையெழுத்துப் போடற ஆளு நீ. உன் படத்துக்குக் கீழ தப்பா இருந்தா ஒரு நாளாவது விட்டு வெப்பியா?"

அவர் பாட்டில் மூடியைத் திறந்து கொடுத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் அக்காவை மருத்துவரிடம் அழைத்துப் போனார். வீக்கம் இறங்க மாதக்கணக்கு ஆகும் என்றார் மருத்துவர். பழைய இடத்துக்கே இறங்குமா என்பதை அப்போது பார்க்கலாம் என்றார். கடையில் அக்காவிடமிருந்து கத்தரியை வாங்கிவைத்துக்கொண்டு, துணி மடிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். வெள்ளிக்கிழமை இரண்டாவது குழிக்குத் தேதி விழுந்தது.

அடுத்த திங்கள் காலை அவர் எட்டேகாலுக்கு உள்ளே நுழையவில்லை. வாசல் காவலாளியிடம் போய் ஏணி கேட்டார்.

"எதுக்கு மேடம்?"

"ஒரு எலி விட்டுப்போச்சு."

காவலாளி குனிந்து பேனரின் பின்பக்கத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, ஏணியைக் கொண்டுவந்து பிடித்துக்கொண்டார். தேதி மேடம் கோட்டுப் பையில் தடித்த கறுப்பு மார்க்கரோடு மேலே ஏறினார். விளம்பர அதிகாரி காபிக் கோப்பையோடு ஓடிவந்தார். முதல் முறையாகப் பதறியிருந்தார்.

"மேடம்! என்ன பண்றீங்க? எறங்குங்க. இன்னிக்கே பேனரை எறக்கிடறோம், சத்தியமா!"

"எறக்கக் கூடாது. எறக்கிட்டா என்ன தப்பு நடந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? தப்பும் தெரியணும், திருத்தினதும் தெரியணும்."

"வியாழக்கிழமை விருந்தினருங்க மேடம்..."

"வரட்டும், படிக்கட்டும். இன்னிக்கு என்ன தேதி?"

"பதினேழு" என்றார் அதிகாரி, பழக்கதோஷத்தில்.

அக்கா வரும் பஸ் எட்டு நாற்பதுக்கு அந்தத் திருப்பத்தில் திரும்பும். அதற்குள் அவர் வாக்கியத்தின் தலையில் ஒரு செருகல் குறி போட்டு, பஸ் ஜன்னலிலிருந்து படிக்கும் அளவுக்கு "எலிகளில்" என்று எழுதினார். ஆச்சரியக்குறியின் மேல் ஒற்றைக் கோடு இழுத்தார். கையெழுத்திட்டார். தேதி போட்டார்.