டெக் கடித்த இடம்

அந்த இடம் வந்ததும் திரையில் வெள்ளைக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். கல்யாண மேளம் பாதியில் கரகரத்து நின்றுவிடும். உடனே மாமு எழுந்து வீடியோ டெக்கை நிறுத்திவிட்டு, லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, டி.வி. பெட்டியை முழுசாக மறைத்து நின்றுகொள்வார். "டெக்கு கடிச்சிட்ச்சு. அந்த எடத்த வெட்டிப் போட்டு ஒட்டிக்கீறேன். அதுக்கு இன்னா இப்போ? நான் கீறேன்ல?" என்பார். ராயப்பேட்டைச் சந்தில் எங்கள் வீட்டு முன்னறைப் பாயில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் எல்லோரும், எதிர்வீட்டுப் பிள்ளைகள் உட்பட, கைதட்டுவோம். படத்தைவிட அந்த இடத்துக்காகத்தான் காத்திருந்தோம் என்று இப்போது சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

மாமு என் அம்மியின் தம்பி. தியாகராய நகரில் ஒரு தையற்கடையில் கட்டிங் மாஸ்டர். கல்யாணம் ஆகும்வரை எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தார். ஆன பிறகும் பக்கத்துச் சந்தைத் தாண்டிப் போகவில்லை. சினிமாப் பைத்தியம்தான், ஆனால் சாதாரணப் பைத்தியம் இல்லை. ஒரு படம் பிடித்துவிட்டால் அது தியேட்டரை விட்டுத் தூக்கப்படும்வரை அவரும் தியேட்டரை விடமாட்டார். எங்கள் வீட்டில் உருதுவும் தமிழும் கலந்து புழங்கும். திட்டுவது அம்மி, அது உருதுவில். சிரிக்கவைப்பது மாமு, அது தமிழில். அவர் சொந்தமாக வாங்கிய கேசட் ஒன்றே ஒன்றுதான். பெருநாள் வந்தால் டெக்கை வாடகைக்கு எடுத்து வருவார். வேறு எந்தப் படம் போட்டாலும் கடைசியில் அந்த கேசட்டும் ஓடியாக வேண்டும்.

கல்யாணக் காமெடிப் படம் அது. பசியோடு ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழைகிறவனைப் பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்றும், மாப்பிள்ளை வீட்டார் பெண்வீட்டு ஆள் என்றும் நினைத்துக்கொள்வார்கள். சாயங்காலத்துக்குள் மொத்தக் கல்யாணமும் அவன் சொல்படி நடக்கும். அவன் யாருடைய ஆளும் இல்லை என்று கண்டுபிடிப்பவர் ஒருவர்தான். சாமான் அறைக்குக் காவலாக இருக்கும் ஒரு பெரியவர். படத்தில் அவரை எல்லோரும் உக்கிராணம் என்றே கூப்பிடுவார்கள். உண்மையைச் சொல்ல அவர் பந்திக்கு நடுவே வந்து நிற்பார். அந்த இடத்தில்தான் கோடு விழும்.

மீதியை மாமு நடிப்பார். உக்கிராணம் வாயைத் திறப்பார். கதாநாயகன் ஒரு ஜாங்கிரியை அதில் திணிப்பான். மென்று முடித்து மறுபடி திறப்பார். சம்பந்தி வந்து, உபசாரம் செய்கிறேன் என்று இன்னொன்றைத் திணிப்பார். திணிக்கிறவரும் மாமுதான், வாங்கிக்கொள்கிறவரும் மாமுதான். கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்க அவர் நிற்கும்போது நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரிப்போம். கடைசியில் உக்கிராணம் கையை உயர்த்துவார். நிதானமாக விழுங்குவார். தண்ணீர் வாங்கிக் குடிப்பார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு பந்தி முழுவதையும் ஒரு பார்வை பார்ப்பார். "நான் பேசி முடிக்கிற வரைக்கும் எவனும் எலையில கை வெக்கக் கூடாது" என்பார். மொத்தக் கல்யாணமும் அந்தரத்தில் கையை வைத்துக்கொண்டு காத்திருக்கும். அவர் கதாநாயகனின் பசித்த முகத்தைப் பார்ப்பார், மனசு மாறும். "பாயசம் பத்தாது. இன்னோர் அண்டா ஏத்துங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார். மாமு டெக்கைத் தட்டிவிட்டு நகர்ந்துகொள்வார், பின்னால் படம் ஓடும். அதற்குப் பிறகு படத்தில் உக்கிராணம் எங்கேயும் வரமாட்டார். ஏன் என்று கேட்டால், "பாயசம் பாக்கப் போனவரு, அடுப்பாண்டயே கீறாரு" என்பார் மாமு.

என் தம்பிக்குத் திக்குவாய். சின்ன வயதில் இன்னும் அதிகம். பள்ளிக்கூடத்தில் வாயே திறக்க மாட்டான். ஆனால் வீட்டில் அவன்தான் பெரிய பேச்சுக்காரன். தரையில் தஸ்தர்கான் விரித்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது அவனுக்கு ஒரு சொல் மாட்டிக்கொண்டால், உக்கிராணம் போலக் கையை உயர்த்துவான். உடனே எல்லோருடைய கையும் தட்டுக்கு மேலே நின்றுவிடும். அப்பா வாய் வரைக்கும் கொண்டுபோன கவளத்தோடு அப்படியே இருப்பார். யாரும் அவனுக்குச் சொல்லை எடுத்துக் கொடுக்க மாட்டோம், அது எழுதாத சட்டம். சொல் வந்து சேர்ந்ததும் யாராவது, "பாயசம் பத்தாதா?" என்பார்கள். எல்லோரும் சிரிப்போம், அவனும் சிரிப்பான். ஒருமுறை விருந்துக்கு வந்த உறவினர் ஒருவர் நல்லெண்ணத்தில் அவனுடைய சொல்லை அவரே முடித்துவைத்தார். அம்மி அவருக்குச் சால்னா ஊற்றப் போன கரண்டியை அப்படியே சட்டிக்குள் திருப்பிக்கொண்டாள். இந்தப் பழக்கம் அந்தப் படம் பார்த்த எல்லா வீட்டிலும் உண்டு என்றே நான் நினைத்திருந்தேன்.

மாமுவிடம் எனக்கு ஒரு தீராத மனத்தாங்கல் இருந்தது. அந்தப் படத்தை முதல்முறையாக டி.வி.யில் போட்ட ஞாயிற்றுக்கிழமை தெருவில் ஈ காக்கா இல்லை. எல்லா வீட்டிலும் ஒரே மேளச் சத்தம். அன்றைக்குப் பார்த்து மாமு எங்களைக் கடற்கரைக்குக் கிளப்பினார். முழுப் படம், டெக் கடிக்காத படம், அதைப் பார்க்கவிடாமல் இப்படிச் செய்கிறாரே என்று நான் வழியெல்லாம் அழுதேன். "டி.வி.ல போட்டா நடுவுல நியூஸ் வரும், மஜாவே இருக்காது" என்று சொல்லிக் குதிரையில் ஏற்றிவிட்டார். அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. அதற்குப் பிறகும்கூட அந்தக் குதிரைச் சவாரி நினைவுக்கு வந்தால் எனக்குக் கோபம்தான் வந்துகொண்டிருந்தது. பின்னாளில் எத்தனையோ முறை டி.வி.யில் வந்தது. துண்டு துண்டாகப் பார்த்திருக்கிறேன். மனப்பாடமாகத் தெரிந்த படத்தை யார் முழுசாக உட்கார்ந்து பார்ப்பார்கள்?

நான் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. சமீபத்தில் ஒருநாள் ஆசிரியர் அறையில் கம்ப்யூட்டர் டீச்சர் தன் கைப்பேசியை நீட்டி, "மேடம், உங்க காலத்துப் படம், புதுசா எடுத்திருக்காங்க" என்று டிரெய்லரைக் காட்டினாள். உங்க காலம் என்றதே முதலில் எரிச்சல். பார்த்தால் மண்டபம் ஏதோ விமான நிலையம் மாதிரி இருக்கிறது. உக்கிராணத்தையே காணோம். சாமான் அறை வாசலில் ஒரு சிசிடிவி கேமரா சுழன்றுகொண்டிருக்கிறது. கதாநாயகன் அதன்மேல் ஜரிகைத் துண்டைப் போட்டு மூடுகிறான். இதுதானாம் காமெடி. வீட்டுக்கு வந்ததும் என் கைப்பேசியில் அதைத் தேடி எடுத்துக் கீழே மற்றவர்கள் எழுதியிருப்பதைப் படித்தேன். "எங்க சின்ன வயசுல கை வெக்காதீங்கடா." "உக்கிராணம் சீன் இல்லாத படம் எனக்கு வேணவே வேணாம்." "அந்த சீனத் தூக்கினவன் கையில சிக்கினா அவ்ளோதான்." படிக்கப் படிக்க மனம் நிறைந்தது. இத்தனை பேரும் நம் வீட்டு ஆட்கள் என்று தோன்றியது.

அதுவரை நான் எங்கேயும் கருத்து எழுதியவள் இல்லை. அன்றைக்கு எழுதினேன். "நான் பேசி முடிக்கிற வரைக்கும் எவனும் எலையில கை வெக்கக் கூடாது என்று உக்கிராணம் சொல்லும் இடம் இல்லாமல் இது என்ன படம்?" என்று கேட்டேன். சமையலை முடித்துவிட்டு வந்து பார்த்தால் கீழே ஒரு திருவிழா. "அக்கா, நீங்க வேற எதோ கல்யாணத்துக்குப் போய்ட்டீங்க." "இப்டி ஒரு வசனமே அதுல கெடையாது." "அந்தக் கல்யாணத்துல ஜாங்கிரி ஓவரா சாப்ட்டுட்டு எழுதினீங்களா?" ஜாங்கிரி என்ற சொல் எனக்குத் தைரியம் கொடுத்தது. "ஆமாம், ஜாங்கிரி திணிப்பாரே, அதே சீன்தான்" என்று பதில் போட்டேன். இன்னும் சிரித்தார்கள். கடைசியில் ஒரு நல்ல பிள்ளை, "இதுதான்க்கா அந்த சீன்" என்று பழைய படத்தின் துண்டை அனுப்பிவைத்தது.

மேற்கு மாம்பலத்தில் என் வீட்டுச் சமையலறையில் நின்றபடியே அதைப் பார்த்தேன். உக்கிராணம் பந்திக்கு நடுவே வருகிறார். வாயைத் திறக்கிறார். சொல் மாட்டிக்கொள்கிறது. அவருக்குத் திக்குவாய். கதாநாயகன் அவரைப் போலவே தாடையைக் கோணிக் காட்டுகிறான். அவர் தொடங்கும் ஒவ்வொரு சொல்லையும் இவன் வேறு சொல்லால் முடித்துவைக்கிறான். இவன் யாருடைய ஆளும் இல்லை என்று சொல்ல வந்தவர், அவரே திருட வந்தவர் என்று ஆகிறது. பந்தியில் உட்கார்ந்திருக்கும் எல்லோரும், குழந்தைகள் வரைக்கும், அவரைப் போலத் திக்கிக் காட்டிச் சிரிக்கிறார்கள். கழுத்தில் கைவைத்து அவரை வெளியே தள்ளுகிறார்கள். அதனால்தான் பிறகு அவர் படத்தில் வருவதில்லை. கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். இந்த சீனுக்காகத்தான் எல்லோரும் அழுதுகொண்டிருந்திருக்கிறார்கள்.

டெக் கடித்தால் நாடா கசங்கும், எங்கேயாவது கோணலாக அறுபடும். எங்கள் கேசட்டில் உக்கிராணம் வாயைத் திறக்கும் இடத்தில் வெட்டு. அவர் வாசலுக்கு வெளியே போனதும் ஒட்டு. டெக்குக்கு அவ்வளவு விவரம் போதாது. அது கட்டிங் மாஸ்டரின் வேலை. தியேட்டரில் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவருக்கு அதில் என்ன வருகிறதென்று தெரியாதா? படத்தை வாங்கிக்கொண்டு வந்து, எங்களுக்குப் போடுவதற்கு முன்னால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்திருக்கிறார். எறிந்ததோடு விட்டுவிடாமல், திக்குகிறவரை விரட்டுகிற பந்தியை எடுத்துவிட்டு, பேசுகிறவருக்காகக் கையை நிறுத்திக் காத்திருக்கிற பந்தி ஒன்றை அந்த இடத்தில் வைத்திருக்கிறார். கடற்கரைக்கு ஏன் போனோம் என்பது இத்தனை காலம் கழித்து அடுப்பங்கரையில் எனக்குப் புரிந்தது. நான் அழுதேன். கோபப்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் சேர்த்து அழுதேன்.

அழுது முடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. தம்பி அடையாறில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். இப்போது திக்கல் குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. தன் பெண்கள் இருவருக்கும் அவன் ஜாங்கிரி சீனை நடித்துக் காட்டி நான் பார்த்திருக்கிறேன். மாமு தன் உடம்பால் மறைத்த ஒன்றை யாரோ முகம் தெரியாதவன் அவன் கைக்கே அனுப்பிவிடுவானே! என்னைப் போல அவனும் சண்டைக்குப் போனால் அதுதான் நடக்கும். அதற்கு முன் நாமே சொல்லிவிடுவதா, அல்லது அவன் அந்தப் பக்கமே போகாமல் தடுப்பதா என்று தீர்மானம் இல்லாமலே மறுநாள் பஸ் ஏறினேன்.

கடையில் கூட்டமில்லை. ஒரு பிரேமில் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டிருந்தான். "டிரெய்லர் பாத்தியா?" என்றேன், எதுவும் தெரியாதவள் போல. அவன் பேசியதில் விழுந்த இடைவெளிகளை நான் இங்கே எழுதவில்லை. அவற்றில் காத்திருப்பது எனக்குப் பழக்கம்.

"பாத்தேன் ஆபா. உன் கமெண்டையும் பாத்தேன். இன்னாத்துக்கு ஊர்ல கீறவன்கிட்ட எல்லாம் சண்ட இட்டுகினு கீற?"

"அப்ப அதுக்குக் கீழ ஒருத்தன் அனுப்பியிருந்தானே..."

"அத நான் பாக்கவே வேணாம். ஸ்கூல் படிக்கசொல்லவே தெரியும். நாம பீச்சுக்குப் போனோமே, மறுநாள் மொத்தக் கிளாஸும் என் முன்னாடி நின்னு நடிச்சிக் காட்டிச்சு. ஸ்கூல விடற வரைக்கும் என் பேரே உக்கிராணம்தான்."

"இத ஏண்டா மாமுகிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா அப்புறம் நடிச்சிருக்க மாட்டாரே."

அவன் மறுபடி பிரேமை எடுத்துக்கொண்டான். அந்தக் கடற்கரைக்குப் பிறகு வந்த பெருநாள்களை நான் நினைத்துப் பார்த்தேன். பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தவனுக்கு மாமுவின் முதுகுக்குப் பின்னால் என்ன இருந்ததென்று தெரிந்திருக்கிறது. மறைத்துவிட்டோம் என்ற நிம்மதியிலேயே மாமு போய்ச் சேர்ந்தார். அது நல்லதா, அவருக்கு ஒருமுறையாவது தெரிந்திருக்க வேண்டுமா என்பதில் இன்றுவரை என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. பேச்சை மாற்றுவதற்காக, "என்ன இருந்தாலும் புதுப்படம் குப்பை. சிசிடிவியாம்!" என்றேன்.

"ஊரே திட்டுது. எனக்குப் புடிச்சிக்கீது" என்றான்.

"அதுல உனக்கு என்ன புடிச்சிது?"

கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் துடைத்தான். சொல் வர நேரமானது. "நான் நடிச்சிக் காட்டற படத்த ஒரு தபா தியேட்டர்ல பாக்கணும்னு பொண்ணுங்க ரொம்ப நாளா கேக்குதுங்க. பழைய படத்த மறுபடி ரிலீஸ் பண்ணப்போ வேல கீதுன்னு பொய் சொல்லிட்டேன். இதுல அந்த சீன் இல்லியே ஆபா. இப்ப கூட்டிக்கினு போலாம்."