மருந்துப் போத்தலில் அம்மாளின் குளிர்த்தி

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கமாக, ஒரு சின்ன மீன் துறை இருக்கிறது. வாவி என்று புத்தகத்தில்தான் எழுதுவார்கள். அங்குள்ள சனத்துக்கு அது ஆறு. விடிந்ததும் அந்த ஆற்றங்கரையில் முதலில் கேட்பது உதயரூபனின் குரல். மீன் ஏலம் கூறுவதுதான் அவன் தொழில். குரல் என்றால் அப்படி ஒரு குரல்! நாலு ஓரா மீனும் ஒரு கொடுவாவும் கிடக்கிற கூடையை அவன் கூறினால், திருவிழாச் சந்தையே வந்து இறங்கிவிட்டதுபோல இருக்கும். காத்தான்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வரும் ஹலீம் தினமும் ஒரே பேச்சுத்தான் பேசுவார்.

"மச்சான், உன்ட வாய்க்கு நீ ஆத்தையும் வித்துப்போட்டுப் போயிருவாய்."

"ஆத்த எடுங்க ஹலீம் நானா, பாலத்தச் சும்மா தாறன்" என்பான் இவன்.

பள்ளிக்கூடத்தில் வாயாடி என்று அடி வாங்கித் தந்த வாய் அது. அதே வாய்தான் பிறகு சோறு போட்டது. உன்னிச்சைக் குளத்தடியில் வேளாண்மைக் குடும்பத்துப் பெண்ணான வதனியை மணமுடித்துத் தந்ததும் அதுதான். வயல்வெளியிலேயே வளர்ந்த, ஆற்றைக் கண்டாலே பயப்படுகிற வட்டைக்காரி அவள். அவளிடம் மணிக்கணக்காகக் கதைத்துக் கதைத்தே சம்மதம் வாங்கினான். வாய் இருந்தால் எதையும் கடந்துவிடலாம் என்று உதயரூபன் நினைத்திருந்தான். அவனுக்குப் பிறந்த பிள்ளைக்கு வாயில்தான் குறை இருந்தது.

கம்சாயினி பிறந்த அன்று மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. அது வெளியே தெரிந்தது. வாய்க்குள்ளே அண்ணமும் பிளந்து, மூக்குக்கும் வாய்க்கும் இடையில் கூரை இல்லாமல் கிடந்தது. அதை டொக்டர் விளக்குப் பிடித்துக் காட்டினார். பார்க்க வந்த சனம் சும்மா வருமா? கிரகணத்தன்று வதனி கத்தியைத் தொட்டாளோ, கயிறு அறுத்தாளோ என்று ஆளுக்கு ஆள் விசாரணை. "எங்கட ஊரில கிரகணமே பிடிக்கல்ல. புடிச்ச கிரகணமெல்லாம் நீங்கதான், போங்க!" என்று உதயரூபன் வாசலில் நின்று கத்தினான். கத்திவிட்டு உள்ளே போய் அழுதான்.

பால் குடுப்பதே பெரிய பாடு. குடிக்கிற பால் மூக்கால் வரும். பிள்ளையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, கிளினிக்கில் தந்த மெல்லிய போத்தலை அமுக்கி அமுக்கி, சொட்டுச் சொட்டாக விடவேண்டும். ஒருதரம் பால் குடுத்து முடிக்க ஒரு மணித்தியாலம் போகும். முடித்து மூச்சு விடுவதற்குள் அடுத்த பசி வந்துவிடும். நிறை கூடினால்தான் ஒப்பரேஷன் என்றார்கள். ஐந்தாம் மாதம் உதட்டைத் தைத்தார்கள். என்ன கைவண்ணம்! மெல்லிய கோடு ஒன்றைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பிஸ்கட் பெட்டியோடு வந்த சனம், "எல்லாம் சரியாப் போச்சே, இனி என்ன" என்று தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனது.

சரியாகவில்லை. அண்ணம் அப்படியே கிடந்தது. "கதைக்கத் தொடங்கிற காலத்துக்குள்ள அண்ணத்தையும் மூடோணும். பிந்தினா கதை மூக்காலயே பழகிரும்" என்று டொக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒப்பரேஷனுக்கு மலைநாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். முதல் தடவை போனார்கள். சளி என்று வார்ட்டிலிருந்தே திருப்பிவிட்டார்கள். பிறகு நாட்டில் மருந்தில்லாத காலம் வந்தது. டொக்டர்மார் ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள். கிளினிக் மாதக்கணக்கில் நடக்கவில்லை. ஒருவழியாக அடுத்த திகதி கிடைத்தபோது சித்திரை வெயிலில் பிள்ளைக்கு அம்மாள் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்காரர் அதைக் கொப்புளிப்பான் என்பார்கள். உடம்பெல்லாம் கொப்புளம். அந்தத் திகதியும் போனது.

அப்போதுதான் உதயரூபன் கண்ணகி அம்மனுக்கு நேர்ந்துகொண்டான். வைகாசியில் அம்மனுக்குச் சடங்கு நடக்கும். கடைசி நாள் குளிர்த்தி. அம்மாளின் கோபம் ஆறும்படி, மஞ்சளும் வேப்பிலையும் பூவும் இட்ட பானை நீரைப் பாட்டுப் பாடி இறைத்து ஆற்றுவார்கள். அந்த நீரை வாங்கிக்கொண்டுபோக ஊரே போத்தலோடு நிற்கும். பிள்ளையின் பழைய மருந்துப் போத்தல் ஒன்றைக் கழுவிக்கொண்டுபோய் இவனும் வாங்கி வந்தான். பிள்ளை சுகமானதற்கு அந்தக் குளிர்த்திதான் காரணம் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. மிச்சத்தைச் சாமிப் படத்தடியில் வைத்திருந்தான்.

இதற்குள் பிள்ளைக்கு மூன்று வயது ஆகிவிட்டது. தகப்பனின் மகள் அல்லவா, ஓயாமல் கதைப்பாள். கதைக்கிற எல்லாம் மூக்கால் போகும். தாயையும் தகப்பனையும் தவிர ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்காது. "அப்பா" என்று கூப்பிடுவாள். 'ப்' என்று அடைபட்டு வருகிற சத்தத்துக்கு அண்ணம் வேண்டுமே! காற்று மூக்கால் கழன்றுவிடும். "அ-ஆ" என்றுதான் கேட்கும். துறைக்கு அவளைக் கூட்டிப்போனால் அவள் ஏலம் கூறிக் காட்டுவாள். கைவீச்சு, கழுத்து வெட்டு, எல்லாம் அச்சாக அவனைப்போலவே. சத்தம் மட்டும் ங்ங், ங்ங் என்று வரும். சிரிக்கிறவர்கள் அன்பாகத்தான் சிரித்தார்கள். ஆனாலும் அவன் அவளைக் கூட்டிப் போவதை நிறுத்தினான். இவள் வாயால் ஒருநாள் "அப்பா" என்று முழுசாகக் கேட்கவேண்டும்; அதைவிட அவனுக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

மூன்றாவது திகதிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. எடுத்துப் பேசியது முப்லிஹா என்ற நேர்ஸ். ஏறாவூர்ப் பெண். அந்த வார்ட்டில் தமிழ் கதைக்கிற ஒரே ஆள்.

"இந்த முற விட்டுராதீங்க. டொக்டரும் மாசக் கடைசில வெளிநாடு போறார். பிறகு ஆர் வருவாங்க, எப்ப வருவாங்க எண்டு எங்களுக்கே தெரியாது."

பிள்ளைக்குச் சளி பிடித்துவிடக்கூடாது என்று இரண்டு கிழமை அவளை வெயிலிலும் விடவில்லை, மழையிலும் விடவில்லை. தும்மினால் இவன் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். செங்கலடியில் பஸ் ஏறும்போது குளிர்த்திப் போத்தலைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

வார்ட்டில் சேர்த்த பின்னேரம் முப்லிஹா இருவரையும் நிறுத்திச் சொன்னாள். "நாளைக்கு முதல் ஆளே உங்கட புள்ளதான். விடிய நாலு மணிக்குப் பிறகு ஒண்டும் குடுக்கப்படாது. சாப்பாடில்ல, பாலில்ல, தண்ணியுமில்ல. விளங்கினா?"

"விளங்குது மிஸ். பச்சத் தண்ணியும் காட்டமாட்டம்."

இரவு தாய்மட்டும்தான் வார்ட்டில் நிற்கலாம். உதயரூபன் வெளி மண்டபத்தில் கிடந்தான். காலை ஆறரைக்கு உள்ளே விட்டார்கள். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று வதனி பிள்ளையை அவன் மடியில் வைத்துவிட்டுப் போனாள். பிள்ளை பசியில் குழறி அழுதுகொண்டிருந்தது. "ங்ஙணி, ங்ஙணி" என்று தண்ணி கேட்டது. கதை சொன்னான். ஏலம் கூறிக் காட்டினான். எது சொன்னாலும் கேட்கவில்லை. அதன் உதடு காய்ந்து, தைத்த கோடு வெள்ளையாகத் தெரிந்தது.

சட்டைப் பைக்குள் போத்தல் இருந்தது. ஒப்பரேஷன் தியேட்டருக்குப் போகுமுன் நெற்றியில் பூசத்தான் கொண்டுவந்திருந்தான். தண்ணி குடுக்கக்கூடாது என்பது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் குளிர்த்தியைத் தண்ணி என்று யார் சொல்வார்கள்? அது தாகத்துக்குக் குடிக்கிறதா? தீபாராதனையின் நெருப்பை யாரும் அடுப்பு நெருப்பு என்று சொல்வதில்லை. அவன் மூடியில் ஊற்றி அவள் வாயில் விட்டான். அவள் இன்னும் கேட்டாள். இன்னும் விட்டான். போத்தல் முடிந்தது. பிள்ளை அழுகையை நிறுத்தி, அவன் மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. பார்த்தாயா, அம்மாள் அம்மாள்தான் என்று அவன் மனம் குளிர்ந்தது.

வதனி திரும்பி வந்த கையோடு முப்லிஹாவும் கடதாசிகளோடு வந்தாள்.

"நாலு மணிக்குப் பிறகு புள்ளைக்கு ஏதும் குடுத்தீங்களா?"

"இல்ல மிஸ். ஒண்டுமே குடுக்கல்ல."

அவன் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவனைக் கோவிலில் நிறுத்திக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பான். முப்லிஹா எழுதிக்கொண்டிருந்தாள். அப்போது மடியிலிருந்த கம்சாயினி நிமிர்ந்து, கையைக் குவித்து வாயில் வைத்துக் காட்டி, நல்ல சத்தமாக ஒரு வசனம் சொன்னாள். எல்லாம் மூக்கால் போனது. முப்லிஹாவுக்கு ஒரு எழுத்தும் பிடிபடவில்லை.

"என்ன சொல்லுறா மகள்?" என்று சிரித்துக்கொண்டு கேட்டாள்.

வதனிக்கு விளங்கிவிட்டது. அவள் திரும்பி இவனைப் பார்த்தாள். அவனுக்கும் விளங்கிற்று. 'அப்பா தண்ணி தந்த.' பிள்ளைக்கு அது தண்ணிதான். அவள் குடித்தது தண்ணிதான். தான் என்ன செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் உதயரூபனுக்கு உறைத்தது. அட கடவுளே!

ஒரு பொய் போதும். 'பாட்டுப் படிக்கிறா மிஸ்' என்றால் முடிந்தது. உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் அந்தப் பாஷை தெரியும். மற்ற ஆள் அவன் பெண்சாதி. ஆனால் முதல் தடவை வந்தபோது சொல்லியிருந்தார்கள்: வயிற்றில் ஏதும் கிடந்தால் மயக்கத்தில் அது சத்தியாக மேலெழும்பி வந்து சுவாசத்துக்குள் போய்விடும், பிள்ளை தப்பாது. நாளெல்லாம் கூவுகிற அந்த வாய்க்கு அந்த ஒரு பொய் வரவில்லை.

"தண்ணி குடிச்சன் எண்டு சொல்லுறா மிஸ்" என்றான். "நான்தான் குடுத்தன். அம்மாள்ர குளிர்த்தி. அது தண்ணியெண்டு எனக்குப் படல்ல."

வெறும் போத்தலை நீட்டினான். அடியில் ஒரு வேப்பிலைத் துண்டு ஒட்டியிருந்தது. முப்லிஹா அதை வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"எங்கட ஆக்களும் மக்காவில இருந்து வந்த ஸம்ஸம் குடுப்பாங்க" என்றாள் மெதுவாக. "இனி நான் எல்லாத்தையும் பேர் சொல்லித்தான் கேக்கோணும்."

மயக்கமருந்து டொக்டரிடம் ஓடினாள். பச்சைத் தண்ணி என்றால் கொஞ்ச நேரம் பார்த்தால் போதுமாம். இது மாதக்கணக்கில் கிடந்த நீர், உள்ளே என்னென்ன இருக்கிறதோ, ஆறு மணித்தியாலம் கழியவேண்டும் என்றாராம். முதலில் இருந்த பெயரைக் கடைசியில் எழுதினார்கள். கடைசி என்றாலும் இன்றைக்குத்தானே என்று உதயரூபன் தன்னைத் தேற்றிக்கொண்டான். மத்தியானம்வரை பிள்ளை தண்ணி கேட்டுக் கேட்டு அழுதது. களைத்து நித்திரையானது. எழும்பி மீண்டும் கேட்டது. இரண்டு மணிக்குத் தியேட்டர் சட்டை போட்டுக் கட்டிலில் ஏற்றினார்கள். சில்லுக் கட்டில் கதவடி வரைக்கும் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து மலைப் பாதையில் பஸ் புரண்டு காயக்காரர்களைக் கொண்டுவந்தார்கள். தியேட்டர் அவர்களுக்குப் போனது. கட்டில் திரும்பி வந்தது.

நாலு மணிக்கு டொக்டரே வெளியே வந்தார். பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். முப்லிஹா சொன்னாள்: "இனி அவருக்குத் தியேட்டர் நாள் இல்லயாம். அடுத்த பட்டியல்ல முதல் பேரா எழுதி வெச்சிரிக்காராம். புதுசா ஆரும் வந்தா கூப்பிடுவாங்க."

"எப்ப வருவாங்க மிஸ்?"

"எனக்குத் தெரியாதுங்க. அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

மன்றாடவேண்டும், காலில் விழவேண்டும், ஏதாவது கதைக்கவேண்டும் என்று உதயரூபனுக்கு இருந்தது. அந்த டொக்டரோடு கதைக்க அவனிடம் பாஷையும் இல்லை, கேட்க நியாயமும் இல்லை. "சரி ஐயா" என்றான்.

மண்டபத்தில் பைகளைக் கட்டும்போது வதனி கேட்டாள். "ஏன் அந்த மிஸ்ஸிட்டச் சொன்னீங்க?" கொஞ்சம் கழித்து, "ஏன் குடுத்தீங்க?" என்றாள். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

திரும்பும் பஸ்ஸில் கம்சாயினி யன்னல் ஓரம் தகப்பன் மடியில் இருந்தாள். வயிறு நிறையக் குடித்துவிட்டதால் நல்ல குஷி. பக்கத்து இருக்கையில் ஒரு வயதான அம்மா. பிள்ளை அவரைப் பார்த்து, கையைக் குவித்து வாயில் வைத்துக் காட்டி, காலையில் சொன்ன அதே வசனத்தைச் சொன்னாள். இன்றைய நாளில் அவளுக்குப் பிடித்த ஒரே சங்கதி அதுதான்போல. திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"என்ன மனே சொல்லுறா?" என்று அந்த அம்மா இவனைக் கேட்டார்.

"அப்பா தண்ணி தந்தாராம்" என்றான் உதயரூபன்.

"ஓம் ராசாத்தி, அப்பாமாருக்கு மனசு பொறுக்குமா" என்று அவர் பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார். "நல்ல அப்பா."

"அ-ஆ" என்று பிள்ளை அவனைக் காட்டியது.