எட்னாவில் எனக்குச் சொல்லாமல் விட்ட செய்தி

தவம் அண்ணை செத்துப்போனார்.

வியாழக்கிழமை காலமை. எனக்குச் சொன்னது ஞாயிறு பின்னேரம், கேட்விக் விமான நிலையத்தில், சூட்கேஸ் வரும் பெல்ட்டுக்குப் பக்கத்தில்...

இடையில் நாங்கள் பதினாலு பேர் சிசிலியில் எட்னா எரிமலையில் ஏறி இறங்கி, சிரித்துச் சிரித்துப் படம் பிடித்துக்கொண்டு திரிந்தோம். அந்தப் பயணத்தை ஒழுங்கு செய்த மனிசன் லண்டனில், இல்ஃபோர்ட் வீட்டில் இல்லாமல் போயிருந்தார்.

எங்களோடு வந்த ரவிக்கு விமானம் ஏற முன்னமே தெரியும். "ட்ரிப் குழம்பிப் போயிடும் எண்டுதான் சொல்லேல்லை அக்கா" என்கிறான். குழம்பட்டுமே. ஒரு மனிசன் செத்தால் நாலு பேருடைய ட்ரிப் குழம்பத்தான் வேணும்.

கீழே வந்து "நல்ல மனதோடுதானே மறைத்தார்கள்" என்று கமெண்ட் போட நினைப்பவர்கள் தயவுசெய்து வேறு வேலை இருந்தால் பாருங்கள்.

அண்ணையைத் தெரியாதவர்களுக்கு... தபால் பிரிக்கும் டிப்போவில் பதினொரு வருஷம் என்னோடு ஒரே ஷிப்ட். மலைப் படம் போட்ட போஸ்ட்கார்ட் கையில் வந்தால் ஒரு நிமிஷம் வைத்துப் பார்ப்பார். பின்பக்கம் திருப்பவே மாட்டார். "எழுதினது அவையின்ரை. மலை எல்லாருக்கும் பொது, பிள்ளை."

ரிட்டயர் ஆனதும் எங்களைச் சேர்த்து ஒரு நடைக்குழு தொடங்கினார். முதல் பயணம் எடின்பரோ. நகரத்துக்கு நடுவில் ஒரு அணைந்துபோன எரிமலை இருக்கு, அதில் ஏற.

ரெண்டு அக்காமார் ஹீல்ஸோடு வந்து நின்றார்கள். படம் எடுக்கவாம். "கலியாண வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு. நீங்கள் கோச்சிலையே இருங்கோ" என்று முகத்துக்கு நேரே சொன்னார். அடுத்த நிமிஷம் தன் பையைத் திறந்து ரெண்டு சோடி பழைய சப்பாத்து எடுத்துக் கொடுத்தார். அளவும் சரி. ஆரிடம் அளவு கேட்டார் என்று இன்றைக்கும் தெரியாது.

எட்னா அவருடைய ஆசை. ஒரு வருஷமாகத் திட்டம் போட்டார். பத்து நாளுக்கு முதல் போன் எடுத்து, "முழங்கால் நோகுது. நீங்கள் போங்கோ, நான் அடுத்த முறை வாறன்" என்றார்.

முழங்கால் இல்லை. இதயம். விமானம் ஏறவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். எங்கட சனம் நோய் வருத்தத்தையும் மறைக்கும், சாவையும் மறைக்கும். என்ன பழக்கமோ இது.

கையால் நாலு பக்கம் எழுதித் தந்துவிட்டார். கேபிள் கார் எங்கே, எந்தச் சரிவில் சாம்பலில் சறுக்கி இறங்கலாம், எந்த ஊரில் வீடும் தேவாலயமும் லாவாக் கல்லாலே கட்டியிருக்கு... எரிகுழம்பு ஓடின குகைகளுக்குள்ளே அந்தக் காலத்துச் சனம் பனியைச் சேர்த்துவைத்துக் கோடையில் எடுத்ததாம். உள்ளே போக ஹெல்மெட் கட்டாயம் என்று அடிக்கோடு வேறு.

எல்லாம் அவர் எழுதின மாதிரியேதான் இருந்தது. கறுப்பு மண், அதற்குள்ளே மஞ்சள் பூ. மேலே போகப் போக கந்தக மணம். ஒரு இடத்தில் குனிந்து கையை வைத்தேன், நிலம் சுட்டது.

ஒவ்வொன்றையும் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டைவிரல் வந்தது. வெறும் தம்ஸ் அப். ஒரு கல்லைப் பற்றி அரை மணித்தியாலம் கதைக்கிற மனிசன்...

சனிக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. எரிமலை வாயின் விளிம்பில் நின்றுகொண்டு வொய்ஸ் மெசேஜ் போட்டேன். "என்ன அண்ணை, எங்களை இந்தப் புகைக்குள்ளை தள்ளிப்போட்டு நீங்கள் சோபாவிலை இருந்து விரல் காட்டுறியளோ? வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதோ? இனி உங்களை நம்பி நான் ஒரு இடமும் வரமாட்டன்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ரவியும் சிரித்தான்.

அந்த மனிசனுக்கு நான் கடைசியாகச் சொன்னது இதுதான். செத்து மூன்றாம் நாள். இதை நான் இனி எங்கே கொண்டுபோய் வைக்கிறது?

கேட்விக்கில் இருந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன். சண்டை பிடிக்கத்தான் போனேன். அண்ணையின் மனைவி அவருடைய போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. இந்த விரல் எல்லாம் போட்டது ஆர் என்று கேட்டேன்.

"நான்தான். இஞ்சை வாறவை எல்லாம் செத்தவீட்டுக் கதைதான் கதைக்கினம், பிள்ளை. நீ ஒருத்திதான் அவரோடை கதைச்சுக்கொண்டிருந்தாய்."

நான் ஏசினதையும் கேட்டாவாம். நாலு தரம்.

அவவில் எனக்குக் கோபம் இல்லை. தெரிந்தும் மறைத்த மற்ற எல்லாரிலும் இருக்கு. ரவியோடு கதைக்கிற எண்ணம் இப்போதைக்கு இல்லை, அவன் இதை வாசித்தாலும் பரவாயில்லை. என்னை ஒரு சொல் கேட்டிருக்கலாம். நான் அழுதிருப்பேன்... அழுதுபோட்டு மலையும் ஏறியிருப்பேன்.

இறுதிக்கிரியை விபரம் குடும்பத்தார் அறிவிப்பார்கள். வீட்டுக்குப் போன் எடுத்து அவவைக் கரைச்சல்படுத்த வேண்டாம்.

தவம் அண்ணை... நான் ஒன்று சொன்னால் ரெண்டு திருப்பித் தராமல் நீங்கள் ஒருநாளும் விட்டதில்லை. இந்த முறை விட்டிட்டியள்.

போயிட்டு வாங்கோ.