இடது கைக்கு ஒரு கைப்பிடி

பைப்பும் பைப்பும் சேரும் இடத்தை வரைவது என் வேலை. தி.நகரில் ஒரு பாத்திரக் கடைக்குப் பின்னால், நாலாவது மாடியில், ஏ.சி. குளிரில் சால்வை போர்த்திக்கொண்டு பத்தொன்பது வருடமாக இதைச் செய்கிறேன். ஒரு பைப் இன்னொன்றின் மேல் சாய்வாக வந்து முட்டினால் அதன் முனையை எப்படி வெட்ட வேண்டும் என்று சாஃப்ட்வேர் காட்டும். அந்த முனையை விரித்துக் காகிதத்தில் எடுத்தால் வளைந்து வளைந்து ஒரு கோடு வரும். காகிதத்தைப் பைப்பில் சுற்றி, கோட்டின் மேலேயே வெட்டினால் இரண்டும் இடைவெளி இல்லாமல் சேர்ந்துவிடும். சேருகின்றன என்று சொல்கிறார்கள். எல்லாம் எங்கோ வளைகுடா நாட்டில் இருப்பதால் நான் வரைந்த பைப் எதையும் தொட்டுப் பார்த்தது கிடையாது.

மயிலாப்பூரில் மூன்றாவது மாடியில் நானும் அப்பாவும் மட்டும். லிஃப்ட் இல்லை. அப்பா மின்சார மீட்டர் கணக்கெடுத்தவர். மந்தைவெளியிலிருந்து ராயப்பேட்டை வரை அவர் ஏறாத படி கிடையாது. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தபோது, வாட்ச்மேனும் தெருமுனை இஸ்திரிக்காரரும் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துக் கீழே தூக்கிக்கொண்டு போனார்கள். சாமி புறப்பாட்டுக்கு நிற்பதுபோல் தெருவே நின்று பார்த்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அதே நாற்காலியில் மேலே வந்து சேர்ந்ததும் அப்பா கோணிய வாயால் மெதுவாகச் சொன்னார்.

"அடுத்த தபா தூக்குனா நாலு பேரா தூக்குங்க."

அதன் பிறகு ஏழு மாதம் அவர் வாசலைத் தாண்டவில்லை. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடப்பார், அவ்வளவுதான். இடது கைக்குப் பிடிமானம் இருந்தால் படி இறங்கலாம், இப்படியே விட்டால் நடக்கிற கொஞ்ச நடையும் போய்விடும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். எங்கள் படிக்கட்டில் இறங்கும்போது இடது பக்கம் மொட்டைச் சுவர். வலது பக்கம் அகலமான செங்கல் கட்டை; அதன் மேல் உட்காரலாம், பிடிக்க முடியாது.

கடையில் ரெடிமேடாகக் கைப்பிடி கிடைக்கும். மூன்று பேர் சொன்னார்கள். மூன்று பேரிடமும் எனக்குக் கோபம் வந்தது. பத்தொன்பது வருடமாக ஊரான் வீட்டுப் பைப்புக்கு உழைத்திருக்கிறேன், சொந்த அப்பாவுக்குக் கடைச் சரக்கா?

இரண்டு ஞாயிற்றுக்கிழமை டேப்பை வைத்துப் படிகளை அளந்தேன். ஐம்பத்து நான்கு படி. எதுவும் இன்னொன்றின் உயரத்தில் இல்லை. கட்டிய கொத்தனார் அன்றன்றைக்குத் தோன்றியதைக் கட்டியிருந்தார். எல்லாவற்றையும் அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினேன். சுவரை ஒட்டி மேலிருந்து கீழ்வரை ஒண்ணேகால் இஞ்ச் பைப். அதைத் தாங்க, சுவரிலிருந்து சாய்வாக எழும் பதினெட்டு பிராக்கெட். ஒவ்வொன்றிலும் ஒரு முனை சுவரில் உட்கார வேண்டும், மறுமுனை கீழே இறங்கும் பைப்பைக் கவ்வ வேண்டும். அதற்கு இரண்டு முனையும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் திரும்பியிருக்க வேண்டும். சாஃப்ட்வேரில் மனித உருவம் ஒன்று உண்டு. அதற்கு அப்பாவின் உயரத்தைக் கொடுத்து, மேல் படியில் கீழே பார்க்க நிறுத்தி வைத்தேன். திரையில் ஒரு குறையும் இல்லை. அந்த உருவம் தினமும் இறங்கத் தயாராக நின்றது.

திருவல்லிக்கேணியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் பதினெட்டுக் காகிதங்களைக் கொடுத்தேன். அவர் ஒன்றை எடுத்துப் பைப்பில் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா மேடம், பைப்புக்கு சட்டை தைக்கிறீங்களா? நான் கண்ணால பாத்தே வெட்டிடுவேனே."

"வேணாம் பாய். கோட்டு மேலயே வெட்டுங்க. ஒரு நூல் நகரக் கூடாது."

அவர் ஒரு நூல் நகரவில்லை. நாலு நாள் கழித்துப் பதினெட்டையும் சாக்கில் போட்டுக்கொண்டு வந்தார். முதல் பிராக்கெட்டைச் சுவரில் வைத்துப் பார்த்தார், தலையைச் சாய்த்தும் பார்த்தார்.

"மேடம், படி இந்தாண்ட எறங்குது. பிராக்கெட் அந்தாண்ட எறங்குது."

பைப்பின் உள்பக்கத்தை விரித்து அச்செடுத்திருக்கிறேன். அவர் வெளிப்பக்கத்தில் சுற்றியிருக்கிறார். எழுத்தைக் கண்ணாடியில் பார்த்த கதை. அச்சு உள்ளே போகும்படி காகிதத்தைத் திருப்பிச் சுற்றியிருந்தால் பதினெட்டும் சரியாக வந்திருக்கும். என்னிடம் வேலை கற்க வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்கும் விஷயம் இது.

"வெட்டும்போதே ஒரு டவுட்டு இருந்துச்சு. கம்ப்யூட்டர்ல போட்டதாச்சேன்னு உட்டுட்டேன்" என்றார் பாய். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. புதுப் பைப் வாங்கி, காகிதத்தைத் திருப்பிச் சுற்றி, மறுபடி பதினெட்டு வெட்டினார். மூன்று நாள் சுவரைத் துளைத்ததில் முதல் மாடிக்காரர் வீட்டு இட்லி மாவில் தூசி விழுந்தது. அவர் இன்னும் என்னிடம் பேசுவதில்லை.

அடுத்த ஞாயிறு காலை அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். இடது கையால் கைப்பிடியை ஒருமுறை உலுக்கிப் பார்த்துவிட்டு இறங்கினார். நான் ஒரு படி கீழே நின்று கூடவே வந்தேன். இருபத்தைந்து நிமிடம் ஆனது. கேட்டுக்கு வெளியே நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். முனைக் கடைவரை நடந்து, நின்றுகொண்டே டீ குடித்தார். பாதி சட்டையில் வழிந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆபீசில் எல்லோருக்கும் படம் அனுப்பினேன்.

திரும்பி வந்து முதல் படியில் கால் வைத்தார். இடது கை பிடியைத் தேடிப்போய் அகலமான செங்கல் கட்டையில் விழுந்து வழுக்கியது. கைப்பிடி அவருக்கு வலது பக்கம் இருந்தது. தொங்கும் கையின் பக்கம்.

இறங்குவதை மட்டும்தான் யோசித்திருக்கிறேன். மேலே, கீழே, பக்கவாட்டில், சுவருக்குள்ளிருந்துகூட அந்தப் படிக்கட்டைச் சுற்றிப் பார்த்தவள், கீழே நின்று மேலே பார்த்து ஒரு தடவை ஏறிப் பார்க்கவில்லை. இஸ்திரிக்காரர் வண்டியை விட்டு வந்தார். வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலி கேட்டருகில்தான் கிடந்தது. இஸ்திரிக்காரர் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன், அப்பாவும் பார்த்தார்.

அப்பா மெல்லத் திரும்பித் தெருவைப் பார்த்து நின்றார். இப்போது சுவர் இடது பக்கம் வந்துவிட்டது. கைப்பிடியைப் பிடித்து, இடது குதிகாலைப் பின்னால் தூக்கி மேல் படியில் வைத்தார். வலது காலை இழுத்து அதன் பக்கத்தில் சேர்த்தார்.

"பாப்பா, நீ கீழ நில்லு" என்றார்.

இரண்டு கையாலும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு படி கீழே நின்றேன். அவர் பின்பக்கமாக ஏறினார், நான் முன்பக்கமாக. ஐம்பத்து நான்கு படியும் என் முகத்துக்கு எதிரே அவர் முகம். அம்மா போன பிறகு நாங்கள் இருவரும் டி.வி.யைப் பார்த்தபடியேதான் பேசிக்கொள்வது. இடது கையால் சவரம் செய்வதில் வலது தாடைக்குக் கீழே ஒரு திட்டு மயிர் எப்போதும் விட்டுப்போகிறது என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

முதல் மாடியில் மூச்சு வாங்க நின்றார். "உனக்கு இவ்ளோ நரைச்சிப்போச்சா" என்றார்.

"ரெண்டு வருஷமாச்சுப்பா."

இன்னும் ஆறு படி ஏறினார். அடுத்த வாரமே பாயைக் கூப்பிட்டு அந்தப் பக்கமும் கைப்பிடி போட்டுவிடுகிறேன் என்றேன்.

"போடு. ஒண்ணும் அவசரமில்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு கையும் அவர் இடுப்பில் இருந்ததால் துடைத்துக்கொள்ள வழியில்லை. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே அடுத்த படிக்குக் குதிகாலைத் தூக்கினார்.