அண்ணாவின் சத்தியமும் என் கராம்புப் போத்தலும்

அண்ணா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவினரும் நண்பர்களுமான நீங்கள், அவர் எவ்வளவு நல்லவர் என்று நான் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன் என எதிர்பார்ப்பீர்கள். அவர் நல்லவர் என்பது தெரியாத வீட்டுக்கு இந்த மலர் போகப் போவதில்லை. ஆகவே, தெரியாத ஒன்றை எழுதுகிறேன். எழுதாவிட்டால் என் மனம் ஆறாது.

அண்ணா திருகோணமலைக்குப் பக்கத்துக் கடற்கரைக் கிராமமான சல்லியில் பிறந்தார். நாடு சுதந்திரம் பெற்ற காலத்தில் அவருக்கு மீசை அரும்பிக்கொண்டிருந்தது. கடற்றொழில் செய்து எங்களை வளர்த்த ஐயா திடீரென்று காலமாகவே, படிப்பை விட்டுவிட்டுத் திருகோணமலைத் துறைமுகத்தில், கடலுக்குள் மூழ்கி வேலை செய்யும் சுழியோடியாகச் சேர்ந்தார். கப்பல்களின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவதும், சிக்கிய நங்கூரச் சங்கிலியை விடுவிப்பதும் வேலை. அந்த உழைப்பில்தான் நான் படித்து ஆசிரியையானேன்.

தண்ணீருக்குள்ளிருந்து ஏறி வரும் சுழியோடிக்குக் குளிர் போக ஒரு மிடறு சாராயம் கொடுப்பது அங்கே வழக்கம். அந்த ஒரு மிடறு வீடு வரை வந்தது. பிறகு வீட்டிலேயே தங்கிவிட்டது. சாப்பாடு குறைந்தது. காலையில் தேநீர்க் கோப்பை கையில் நடுங்கியது. வெற்றிலையும் புகையிலையும் வேறு. பல் முரசு வீங்கி, பல் விளக்கும்போதெல்லாம் இரத்தம் வரும். அண்ணாவின் மனைவியான மச்சாள் அழுது பார்த்தார், சண்டை பிடித்துப் பார்த்தார். கடைசியில் கோயிலுக்கு அழைத்துப் போய்க் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தார். அண்ணா ஆறு வருடம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினார். கை நடுக்கம் நின்றது, முகம் தெளிந்தது. அந்த ஆறு வருடமும் மச்சாள் சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை.

பிறகு கடைவாய்ப் பல் நோகத் தொடங்கியது. கடலின் அடிக்குத் துணிந்து போகிற மனிதர், பல் பிடுங்கும் குறட்டுக்குப் பயந்தார். மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தவரைப் பார்க்கப் பொறுக்காமல், சாராயத்தில் கராம்பை ஊறவைத்துச் சின்னப் போத்தலில் கொண்டுபோனேன். மச்சாள் சந்தைக்குப் போயிருந்தார்.

"சாராயமோ? ஏலாது தங்கச்சி. நான் சத்தியம் செய்தனான்."

"குடிக்கச் சொன்னனானே? வாய்க்குள்ள வைச்சிருந்து துப்புங்கோ அண்ணா. இது மருந்து."

"மருந்தெண்டாலும் வேண்டாம். கொண்டு போ."

நான் கொண்டு போகவில்லை. படித்தவள் அல்லவா, எனக்கு எல்லாம் தெரியும்! பக்கத்தில் இருந்து வற்புறுத்தி வாயில் ஊற்றினேன். நோ மரத்துப்போனது. அன்று இரவு அண்ணா சாப்பிட்டாராம். எனக்குப் பெரிய வெற்றி.

ஒரு மாதத்துக்குப் பிறகு குசினி அலுமாரியில் மச்சாள் அந்தப் போத்தலைக் கண்டார். நானும் அங்கே நின்றேன்.

"இது என்னண்டு இஞ்ச வந்தது?"

அண்ணா என்னைப் பார்க்கவேயில்லை. "நான்தான் தங்கச்சியிட்டக் கேட்டு வாங்கினனான்" என்றார். மச்சாளின் முகம் கறுத்துவிட்டது. நான் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு மச்சாள் அண்ணாவை எதற்கும் தடுத்ததில்லை. நான் கராம்பு போட்டுக் கொடுத்துக்கொண்டேயிருந்தேன். போத்தல் வர வர விரைவாக முடிந்தது.

நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. பல் உரசுகிறது என்றார் அண்ணா. நானும் நம்பிக் கராம்பைக் கூட்டினேன். ஐந்து மாதம் போனது. அவர் கதைக்கும்போது நாக்குக் குழறுவதைக் கவனித்த சம்பூர் நண்பர், கூட வேலை செய்த சுழியோடி, கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். டொக்டர் வாயையும் வயிற்றையும் சோதித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "சாராயம் நோவை மறைக்கும், புண்ணை மாத்தாது. புகையிலையோட சேர்ந்தா புற்றுநோய்க்கு அதுவே வழி. ஈரலும் பழுதாப் போச்சு. ரெண்டு மூண்டு கிழமையில ஆறாத புண்ணை உடனே காட்டியிருக்க வேணும், ரீச்சர்."

கொழும்பில் நாக்கில் ஒரு பகுதியை எடுத்தார்கள். பிறகு அண்ணா பேசவில்லை. என் பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதித்தான் காட்டுவார். கஞ்சியைக்கூட விழுங்க முடியாமல் கிடந்த ஒரு நாள், "நான்தானே அண்ணா தந்தனான்" என்று அழுதேன். அவர் கொப்பியை வாங்கி எழுதினார்: "துப்பாமல் விட்டது நான்."

அண்ணா காலமாகி எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவன்று, அவருக்கு விருப்பமானவற்றையெல்லாம் படைத்தபோது, உறவினர் ஒருவர் அலுமாரியில் இருந்த போத்தலையும் எடுத்து வந்தார். வைக்கலாமா என்று மச்சாளைக் கேட்டார். "வையுங்கோ. சத்தியத்தை விட அவருக்கு அதுதானே பெரிசாப் போச்சு" என்றார் மச்சாள். மீன் குழம்புக்கும் வடைக்கும் நடுவில் என் போத்தல் இருந்தது. அடியில் கராம்பு கிடந்தது. அன்றும் நான் வாய் திறக்கவில்லை.

அண்ணாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன சம்பூர் நண்பருக்கும், கொழும்பில் இடம் தந்து உணவு சமைத்துத் தந்த உறவினருக்கும், முகம் சுளிக்காமல் புண்ணைக் கழுவிய தாதிமாருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த அயலவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. பல்நோவுக்கு என்னிடம் கராம்புப் போத்தல் வாங்கிப் போனவர்கள் தயவுசெய்து அதைக் கொட்டிவிட்டு டொக்டரிடம் வாயைக் காட்டுங்கள்.

மச்சாள், இந்தத் திவசப் படையலில் அந்தப் போத்தல் வேண்டாம். அண்ணா அதை என்னிடம் கேட்டு வாங்கவில்லை. உங்களுக்குச் செய்த சத்தியத்தைச் சொல்லி, வேண்டாம், கொண்டு போ என்றுதான் சொன்னார்.