வெடிக்காத துப்பாக்கிக்கு ஒரு ரசீது

தேர்தல் வருகிறதென்று இன்று என் பாயிண்ட் டூ டூ துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். காட்டுப்பன்றி விரட்ட லைசென்ஸ் எடுத்து, இருப்பதிலேயே விலை குறைந்ததாகப் பார்த்து வாங்கியது.

ஏட்டம்மா போல்ட்டை இழுத்துப் பார்த்தார். “ஏனுங்க அப்பாரு, நல்லா வேலை செய்யுதுங்களா?”

“எங்கீங்க அம்மணி! ஊசி தோட்டா விளிம்புல சரியாக் குத்தறதில்லீங்க. தை மாசம் நாலு தடவை டிக்குனு சத்தம் மட்டுந்தான். மாசியில, வெடிச்ச தோட்டாக் கூடு வெளியவே வரலீங்க. போன வெசாளக்கெழமை பன்னி நின்னு என்னையப் பாத்துப்போட்டு, மறுக்கா சோளத்தைத் திங்குதுங்க.”

சிரித்தவர் குரலைத் தாழ்த்தினார். “அப்படியே எழுதுனா, வெடிக்காத துப்பாக்கிக்கு லைசென்ஸ் எதுக்குன்னு ரத்து பண்ணிப்போடுவாங்க. என்னனு எழுதட்டுங்க?”

லைசென்ஸுக்கு நான் நடந்த நடை ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது.

“நல்லா இருக்குதுன்னே எழுதிப்போடுங்க.”

ரசீதில் எழுதியதை வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

தேர்தல் முடிந்து அது திரும்பி வருவதற்குள் மக்காச்சோளம் தீர்ந்துவிடும். வந்தாலும் வெடிக்கப்போவதில்லை.

உங்கள் தோட்டத்துப் பன்றிகள் எதற்காவது பயப்படுகின்றனவா? அப்படி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். என் தோட்டத்தில் இப்போதைக்கு நான் ஒருவன்தான் பயப்படுகிறேன்.